திருப்பிக் கேட்ட வார்த்தை

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு 'எழுதிக்கோங்க அக்கா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

பெயருக்குக் காரணம் அவள் தொலைபேசியில் பேசும் விதம். யாராவது கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமைக்குள் மூவாயிரம் பெட்டி ஆகுமா என்று கேட்டால், ஆகும் என்றும் சொல்ல மாட்டாள், ஆகாது என்றும் சொல்ல மாட்டாள். "பார்க்கிறேன் சார்" என்பாள். போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போவாள். அட்டை எத்தனை கட்டு இருக்கிறது, வெட்டும் இயந்திரத்தில் என்ன ஓடுகிறது, மெக்கானிக்கின் முகம் எப்படி இருக்கிறது என்று மூன்றையும் பார்ப்பாள். மூன்றாவதுதான் முக்கியம். மெக்கானிக் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு சும்மா நின்றால் எல்லாம் நலம். மெஷினுக்கு அடியில் கால் மட்டும் தெரிந்தால் இரண்டு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு மேஜைக்குத் திரும்பி அவளே கூப்பிடுவாள். "எழுதிக்கோங்க" என்பாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் பெட்டி வந்து இறங்கிய மாதிரிதான்.

ஜன்னலோரம் அவள் மேஜை. அதன்மேல் வருடத்துக்கு ஒன்றாக ஒரு பெரிய நாட்குறிப்பு. 'பார்க்கிறேன்' என்று சொன்னதையெல்லாம் பென்சிலில் எழுதுவாள். 'எழுதிக்கோங்க' என்று சொன்னதும் அதன் மேலேயே பேனாவால் எழுதுவாள். இருபத்திரண்டு வருட நாட்குறிப்புகள் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் வரிசையாக நின்றன. பேனாவில் எழுதியதை அடிப்பதற்கு அவளுக்கு உரிமை கிடையாது என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம்.

அந்த உரிமை இன்னொருவரிடம் இருந்தது. அவரை அவள் பார்த்ததே இல்லை.

அவர் சோப்புத் தொழிற்சாலையில் கொள்முதல் பார்ப்பவர். இங்கே செய்யும் மூன்று பெட்டியில் இரண்டு அவர்களுக்குத்தான் போகும். அவள் அவரை 'சோப்பு சார்' என்றாள். அவர் அவளை "ஏம்மா" என்றார். போனை எடுத்ததும் இரண்டு முறை இருமுவார், பிறகுதான் குரல் வரும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போன்ற கனத்த குரல். ஆள் ஆறடி இருப்பார், மீசை இருக்கும், கதவில் குனிந்துதான் நுழைவார் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

"அந்த சோப்பு சார்கிட்ட பேசுற மரியாதைல கால்வாசி எங்கிட்ட பேசினா நம்ம வீடு எங்கேயோ போயிருக்கும்" என்பான் அவள் கணவன்.

"நீங்க ஒரு தடவையாவது லோடு இறக்கிட்டு வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கீங்களா? வந்தா நானும் சார் போட்டுப் பேசுறேன்" என்பாள் அவள். அவன் லாரி ஓட்டுபவன்.

வார்த்தையைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் பிறந்தது. நான்காயிரம் பெட்டிக்குப் பேனாவால் எழுதிவிட்டாள். அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் ஒட்டும் இயந்திரத்தின் மோட்டார் புகைந்து நின்றது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியாவது சரியாகிவிடும் என்று வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு, போனைப் பார்க்காமல் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பெட்டி போகவில்லை. போன் வந்தது. இரண்டு இருமல்.

பெட்டி ஏன் வரவில்லை என்று கேட்டார். அவள் மோட்டாரைச் சொன்னாள். "ஏம்மா, மோட்டார் எப்ப புகைஞ்சுது?"

"நேத்து காலைல சார்."

"நேத்து காலைல புகைஞ்சதை இன்னிக்கு மத்தியானம் சொல்றியே, நாங்க என்ன ஜோசியம் பார்க்கிறவங்களா? இங்க முப்பது பேர் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

அவள் அழ ஆரம்பித்தாள். போனில் அவர் பக்கத்து மின்விசிறி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

"அழாத. கேட்டுக்கோ. நீ எனக்கு ஒரு வார்த்தை கொடுத்திருக்க. அது இப்ப எங்கிட்ட இருக்கு. நீயா அதைக் கிழிச்சுப் போட முடியாது. ஆனா எங்கிட்ட வந்து திருப்பிக் கேக்கலாம். முந்தின நாள் பன்னண்டு மணிக்குள்ள கேளு. பன்னண்டுக்கு எங்க பேக்கிங் ஆளுங்க சாப்பிடப் போவாங்க. அவங்க வந்தப்புறம்தான் மறுநாளைக்கு என்ன ஓடும்னு போர்டுல எழுதுவேன். எழுதுறதுக்கு முன்னாடின்னா வேற சோப்பு ஓட்டிப்பேன், உன் வார்த்தையத் திருப்பிக் கொடுத்துடுவேன். எழுதினப்புறம் கேட்டா கொடுக்க மாட்டேன். புரியுதா?"

புரிந்தது. அன்றிலிருந்து வருடத்துக்கு நாலைந்து முறை அந்தப் பேச்சு நடக்கும். வேண்டியவர் வீட்டுக் கல்யாணப் பேச்சு மாதிரி அதற்கென்று ஒரு முறை இருந்தது. "சார், வார்த்தையத் திருப்பிக் கேக்குறேன்" என்று அவள் தொடங்குவாள். "என்ன ஆச்சு?" என்பார். கதையை முழுதாகக் கேட்பார். "பாதியாவது வருமா?" என்பார். பேரம் முடிந்ததும், "சரி, திருப்பிக் கொடுத்துட்டேன், புதுத் தேதி சொல்லு" என்பார். அவள் "பார்க்கிறேன்" என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எழுதிக்கோங்க" என்பாள். நாட்குறிப்பில் பழைய பேனா எழுத்தின் மேல் ஒரே ஒரு கோடு விழும். கோட்டின் ஓரத்தில் 'கொடுத்தார்' என்று சின்னதாக எழுதுவாள்.

கொடுக்காத நாட்களும் உண்டு. அங்கே கோடு இருக்காது. 'தவறினேன்' என்று இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஏழு.

பிறகு கணினிகள் வந்தன. பெரிய முதலாளி காலமாகி அவர் மகன் பொறுப்பேற்றிருந்தான். எல்லோருக்கும் அவன் சின்ன முதலாளி. சோப்புக் கம்பெனியின் கணினி ஆர்டரை நேராக இவர்கள் கணினிக்கு அனுப்பியது. அவள் ஒப்புக்கொண்டேன் என்ற பொத்தானை அழுத்தினால் அது அங்கே போய்ப் பதிந்தது. முதல் வாரமே அவளுக்கு அது பிடித்துப்போனது. கணினி இருமவில்லை, அளவைத் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் பழக்கம் யாரை விட்டது? தேதி தள்ளிப்போக வேண்டியிருந்தால் அவள் முன்போலவே போனை எடுத்தாள். அவரும் முன்போலவே திருப்பிக் கொடுத்தார். போனில் திருப்பிக் கொடுத்த வார்த்தை கணினிக்குத் தெரியாது என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

ஒருநாள் சின்ன முதலாளி ஒரு தாளோடு வந்து அவள் மேஜையருகில் நின்றான். முகம் சுருங்கிப் போயிருந்தது.

"அக்கா, சோப்புக் கம்பெனி கணினில நம்ம பேருக்கு எதிர, சொன்ன தேதிக்குப் பெட்டி வரலைன்னு ரெண்டு சிவப்புப் புள்ளி விழுந்திருக்கு. ஒரு வருஷத்துல மூணு விழுந்தா அவங்க பட்டியல்ல இருந்து நம்ம பேரு தானா போயிடுமாம். யாரையும் கேக்காதாம்."

மூன்றில் இரண்டு பெட்டி போய்விட்டால் இங்கே வேலை செய்யும் நாற்பது பேரில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அவள் சோப்பு சாரைக் கூப்பிட்டாள். இந்த முறை இருமல் கூட வரவில்லை.

"நான் திருப்பிக் கொடுக்கிறவன்தான்மா. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஆனா கொடுத்தேன்னு சொல்ல என் ஸ்கிரீன்ல ஒரு இடம் கிடையாது. வந்துச்சா, வரலையான்னு மட்டும்தான் கேக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "இனிமே போன்ல கேக்காத. கேட்டாலும் பிரயோஜனமில்ல."

அடுத்த மாதம் தொழில் சங்கத்தில் எல்லாக் கம்பெனிகளையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். சோப்பு, பாட்டில், பெட்டி, அச்சு என்று அந்தத் தொழிலில் உள்ளவர்கள் அனைவரின் கணினிகளும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப ஒரே மாதிரியான முறை எழுதிக்கொண்டிருந்தார்கள். யார் எதை அனுப்பினால் யாருக்கு என்ன கடமை பிறக்கிறது, அது எப்போது தீர்கிறது என்பதெல்லாம் அதில் வரும். கூட்டத்துக்கு வந்தால் அந்த இரண்டு புள்ளியைப் பற்றிக் கெஞ்சிப் பார்க்கலாம் என்று சின்ன முதலாளி அவளையும் அழைத்துக்கொண்டான். கைப்பையில் இந்த வருட நாட்குறிப்பை வைத்துக்கொண்டாள்.

கெட்ட நேரம் தனியாக வராது. கூட்டத்துக்கு முந்தின மாலை வெட்டும் இயந்திரத்தின் பேரிங் உடைந்தது. கூட்டத்துக்கு மறுநாள் மூவாயிரம் பெட்டி போக வேண்டும். காலையில் கிளம்பும்போது மெக்கானிக்கின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. மூன்றாவது புள்ளி கண்ணெதிரே தொங்கியது.

மூன்றாவது மாடியில் நீளமான அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. தலை நரைத்த ஒருவர் அதில் வட்டம் வட்டமாகப் போட்டு அம்புக்குறியால் இணைத்துக்கொண்டிருந்தார். அவள் மனதுக்குள் அவருக்கு 'வட்டக்காரர்' என்று பெயர் வைத்தாள். ஒரு வட்டத்தில் 'கேட்டது' என்று இருந்தது. அதிலிருந்து அம்பு 'ஒப்புக்கொண்டது' என்ற வட்டத்துக்குப் போனது. அங்கிருந்து இரண்டு அம்பு, ஒன்று 'நிறைவேறியது', மற்றொன்று 'தவறியது'.

அவளுக்கு எதிரில் ஒரு சின்ன மனிதர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த தோள், மழித்த முகம், கழுத்துக்குப் பெரிய சட்டை. நாற்காலியில் கால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. அவர் இரண்டு முறை இருமினார்.

அவள் நிமிர்ந்தாள்.

"சார்?"

அவரும் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, நீயா? கிழவியா இருப்பன்னு நெனச்சேன். அவ்வளவு கறாராப் பேசுவியே!"

"நீங்க ஆறடி இருப்பீங்கன்னு நெனச்சேன் சார்."

"குரல் வளர்ந்த அளவுக்கு ஆள் வளரல" என்றார் அவர். அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

வட்டக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஆர்டர் பார்க்கிறவங்க இன்னிக்கு ரெண்டு பேர் இருக்கீங்க. நல்லதாப் போச்சு. இந்தப் படம் சரியா இருக்கா சொல்லுங்க."

சின்ன முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு புள்ளிகளைப் பற்றி ஆரம்பித்தான். சின்ன கம்பெனி, பழைய மெஷின், கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்கள் என்றெல்லாம் சொன்னான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தலை ஆட்டுவதற்கு என்ன செலவு?

அவளுக்கு அந்தக் கெஞ்சல் பிடிக்கவில்லை. பலகையைப் பார்த்தபடியே சொன்னாள், "படம் சரியில்ல சார். ஒரு வட்டம் குறையுது."

"எது மேடம்?"

"ஒப்புக்கிட்ட வார்த்தை நிறைவேறும், இல்ல தவறும்னு போட்டிருக்கீங்க. நிறைவேறாம, தவறவும் தவறாம ஒரு வார்த்தை முடியும்."

வட்டக்காரருக்கு முகம் மலர்ந்தது. "ஓ, ரத்தா? நாங்களும் யோசிச்சோம். சப்ளை பண்றவங்க பக்கம் ஒரு ரத்து பொத்தான் வெச்சிடலாம். முடியலைன்னா நீங்களே அழுத்திடலாம், புள்ளி விழாது."

சின்ன முதலாளி நாற்காலியில் முன்னே நகர்ந்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

"வேண்டாம் சார்" என்றாள் அவள்.

மேஜைக்கு அடியில் அவள் காலை ஒரு ஷூ மிதித்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"பொத்தான எங்கிட்ட கொடுத்தா நான் தினமும் அழுத்துவேன். மழை பெஞ்சா அழுத்துவேன், மெக்கானிக் மொகத்த தூக்கி வெச்சிருந்தா அழுத்துவேன். அப்புறம் நான் ஒப்புக்கிட்டதுக்கு என்ன மதிப்பு? யாருக்கு வார்த்தை கொடுத்தேனோ அவங்கதான் அதை விடணும். முந்தின நாள் பன்னண்டு மணிக்குள்ள நான் கேக்கலாம், அவ்வளவுதான். பொத்தான் அவர் பக்கம் இருக்கணும்." சோப்பு சாரைக் கை காட்டினாள்.

வட்டக்காரர் பேனாவை மூடினார், திறந்தார். "இது நடைமுறைல எப்படி இருக்கும்?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது.

"இப்பவே காட்டுறேன் சார்" என்று எதிர்ப்பக்கம் திரும்பினாள். போனில் நூறு முறை சொன்னதுதான். முகத்தைப் பார்த்துச் சொல்வது இதுதான் முதல் முறை. "சார், நாளைக்கு மூவாயிரம். வார்த்தையத் திருப்பிக் கேக்குறேன்."

சின்ன முதலாளி கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன ஆச்சு?" என்றார் சோப்பு சார். அதே கிணற்றுக் குரல்.

"பேரிங் உடைஞ்சு போச்சு. நேத்து சாயங்காலம். நேத்து வெட்டி வெச்சது மட்டும் இருக்கு."

"பாதியாவது வருமா?"

"பாதி வராது. ஆயிரத்து இருநூறு வரும்."

"ஆயிரத்து ஐநூறா பண்ணு."

"இல்லாத பெட்டிய எங்க போய் ஒட்டுவேன் சார்? ஆயிரத்து இருநூறுதான்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துட்டேன். புதுத் தேதி?"

"பார்க்கிறேன்" என்றாள். ஜன்னலருகே போய்க் கைப்பேசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். முகத்தைப் பார்க்க முடியாததால், அவன் கடைசியாக எப்போது டீ குடித்தான் என்று கேட்டாள். இப்போதுதான் குடித்தேன் என்றான். அப்படியானால் வேலை முக்கால்வாசி முடிந்திருக்கிறது. திரும்பி வந்து, "வியாழக்கிழமை. எழுதிக்கோங்க" என்றாள்.

அவர் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து எழுதிக்கொண்டார்.

வட்டக்காரர் பலகையில் வேகமாக வரைந்து முடித்து, பின்னால் நகர்ந்து பார்த்தார். "நான் ஒரு அம்பு குறையுதுன்னு நெனச்சேன். நாலு குறையுது. விடச் சொல்லிக் கேக்குறது, விடுறது, பாதியை மட்டும் விடுறது, புதுசா ஒப்புக்கிறது." பிறகு சோப்பு சாரைக் கேட்டார், "அந்த ரெண்டு புள்ளியும் இதே மாதிரி விட்டதுதானா?"

சோப்பு சாரின் அருகில் அவருடைய மேலாளர் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடமாகத் தேதிகளைப் போனிலேயே மாற்றியிருக்கிறேன் என்று அவர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்வுக்கு நான்கு மாதம்தான் இருந்தது. அவர் ஒருமுறை இருமினார்.

அவள் கை பையிலிருந்த நாட்குறிப்பின் மேல் இருந்தது. எடுத்து வைத்தால் 'கொடுத்தார்' என்று தேதியோடு இருக்கிறது. அவள் எடுக்கவில்லை. அதுவும் அவரிடமிருந்துதான் வர வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

"நான் விட்டதுதான்" என்றார் அவர். "ரெண்டும்."

"இல்ல சார்" என்றாள் அவள். "முதலாவது நீங்க விட்டது. ரெண்டாவது நான் ஒரு மணிக்குக் கேட்டேன். நீங்க முடியாதுன்னீங்க. அது நான் தவறினதுதான். அது இருக்கட்டும்."

"ஏம்மா, வலிய வந்து விழற நல்லதையும் தள்ளி விடுறியே!"

"நீங்க கொடுக்காததை எப்படி சார் வாங்கிக்கிறது?"

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு புள்ளியை எடுத்துவிடச் சொல்லிக் குறித்துக்கொண்டார். வியாழக்கிழமைவரை மீதிப் பெட்டிக்குப் புள்ளி வைக்காமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். திரும்பி வந்து தொழிற்சாலை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சின்ன முதலாளி, "கால் வலிக்குதா அக்கா?" என்று கேட்டான்.

வியாழக்கிழமை ஆயிரத்து எண்ணூறு பெட்டியும் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது புள்ளி கடைசிவரை விழவில்லை.

நான்கு மாதம் கழித்துப் புதிய முறை கணினியில் வந்தது. விடச் சொல்லிக் கேட்க அவள் பக்கம் ஒரு பொத்தான். விட்டேன், விடவில்லை என்று அவர் பக்கம் இரண்டு. காரணம் சொல்ல எண் போட்ட ஒன்பது வரிகள் இருந்தன, ஒன்றைத் தொட்டால் போதும். அது வந்த வாரமே ஒட்டும் இயந்திரம் அதன் வழக்கத்தைக் காட்டியது. அவள் கேட்டாள். காரணம் நான்கைத் தொட்டாள். இரண்டு நிமிடத்தில் 'விடுவிக்கப்பட்டது' என்று பச்சையில் வந்தது.

உடனே போன் அடித்தது. இரண்டு இருமல்.

"வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"நாலுன்னு போட்டிருக்க. நாலுன்னா என்ன?"

"மெஷின் கோளாறு சார்."

"அது தெரியுது. என்ன ஆச்சுன்னு கேக்குறேன்."

அவள் சொன்னாள். பசை இறுகியது, மெக்கானிக் சுடுதண்ணீரை ஊற்றியது, பெல்ட் வழுக்கி அவன் சட்டையைப் பிடித்தது, சட்டையின் ஒரு கை இன்னும் மெஷினுக்குள் இருப்பது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரித்தார். "நாளையோட என் வேலை முடியுதும்மா" என்றார். "தெரியும் சார்" என்றாள். மின்விசிறி கிறீச்சிட்டது. அவர்தான் முதலில் வைத்தார்.

அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. இப்போதும் அவள் பொத்தானை அழுத்துவதற்கு முன் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கிறாள். பென்சிலில் எழுதிப் பிறகு பேனாவால் எழுதுகிறாள். மேஜைமேல் போன் இருக்கிறது. பெரும்பாலும் தவறான எண்ணுக்குக் கூப்பிடுகிறவர்கள்தான் அதில் வருகிறார்கள்.

போன வாரம் பாட்டில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். வேலைக்குப் புதிதாம். யாரோ இவள் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

"மேடம், ஒரு சந்தேகம். வார்த்தைய விடச் சொல்லிக் கேக்குற பொத்தான் இருக்கில்ல, முந்தின நாள் பன்னண்டு மணி ஆனா அது அமுங்கவே மாட்டேங்குது. எல்லா கம்பெனிக்கும் அப்படித்தானாம். ஏன் பன்னண்டு? எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியல."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சோப்புத் தொழிற்சாலையில் பேக்கிங் இப்போது மெஷினே செய்கிறது. அது ஒருபோதும் சாப்பிடப் போவதில்லை.

"பன்னண்டுக்கு அவங்க சாப்பிடப் போவாங்கம்மா" என்றாள்.

"யாரு மேடம்?"

"முப்பது பேர்" என்றாள் அவள். "உனக்கு நேரம் இருக்கா? முதல்லேர்ந்து சொல்றேன்."